வெயில்காரரும் ஓர் உத்தரணி தீர்த்தமும்

நெய்வேலியில் வெயில் போதவில்லை என்று புகார் சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். சித்திரை மாதம், சுரங்கத்து மண் அனலாய்ப் பறக்க, ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நனைத்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடுவார்கள். அவர் மட்டும் ஆபீஸ் வாசலில் நடு வெயிலில் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து வானத்தைப் பார்த்து, "இன்னாப்பா இது, இன்னிக்கி சுமாராத்தான் அடிக்குது" என்று உதட்டைப் பிதுக்குவார்.

அதனால் அவருக்கு வெயில்காரர் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் அதைக் கூப்பிடுவார்கள். அவரும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா நின்றுகொண்டிருப்பார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. நட்ட மரமெல்லாம் இடுப்பு உயரம். நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரன், எட்டாவது வரை படிப்பு. சுரங்க ஆபீசில் வரைபடப் பிரிவில் அட்டெண்டர் வேலை. டெம்பரரி. காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆபீஸ் கதவைத் திறப்பது நான்தான். ஆனால் ஒரே ஒரு அறையை மட்டும் நான் திறக்க மாட்டேன். அது வெயில்காரருடைய இருட்டறை.

வெயிலுக்கு அலைகிற மனிதருக்கு இருட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சுரங்கம் மாதா மாதம் வளரும். அது வளர வளர வரைபடமும் மாறும். பெரிய படத்தைச் சின்னதாக்கி, பிரதி எடுத்து, இடம் இடமாக அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு கேமரா இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்கிற கேமரா இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் சமையலறை அதற்குள் அடங்கிவிடும். பிலிமும் கிடையாது, கண்ணாடித் தகடுதான். தகட்டின் மேல் நெடியடிக்கிற ஒரு பசை மருந்தை ஊற்றி நாலு மூலைக்கும் ஓடவிட்டு, வெள்ளி உப்பு கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். நடுவில் தும்மினால்கூடப் போச்சு.

அந்த வேலையை மெட்ராஸில் பத்திரிகைப் படங்களுக்கு உலோக பிளாக் செய்கிற அச்சுக்கூடங்களில் கற்றுக்கொண்டு வந்தவர் வெயில்காரர். கற்றதில் அவருக்குப் பிடித்தது படம் எடுப்பது இல்லை. அந்த வெள்ளித் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதுதான்.

ஒவ்வொரு தகட்டை முக்கும்போதும் தண்ணீரில் கொஞ்சம் அழுக்கு சேரும். மருந்திலிருக்கிற ஈத்தரும் சாராயமும் கரையும். நாலு நாள் விட்டால் தகட்டில் புள்ளி புள்ளியாய் அம்மை போட்ட மாதிரி வரும். அதற்கு வைத்தியம் வெயில். தண்ணீரைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி வெயிலில் வைத்தால், உள்ளேயிருக்கிற அழுக்கெல்லாம் கறுத்து, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே தெளிந்ததை வடிகட்டி, வெள்ளி குறைந்திருந்தால் சேர்த்து, லிட்மஸ் தாளில் புளிப்புப் பார்த்து, மறுபடியும் தொட்டியில் விடுவார். இதை ஒரு வேலை மாதிரி அவர் சொல்ல மாட்டார். "நேத்துலேர்ந்து அவ கலங்கலா கீறா. ரெண்டு நாளு வெயில் காட்டணும்" என்பார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ் அவருடையது. கல்யாணம் ஆகாத மனிதர். இந்த "அவ" என் மனைவியின் காதில் விழுந்துவிட்டது.

"ஏங்க, அந்த வூட்ல பொம்பள ஆளே இல்லியே. யாருக்குங்க தெனம் ஒடம்பு சரியில்லன்றாரு?"

"பெரிய இடத்து விஷயம், விடு" என்றேன். எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

அவள் விடவில்லை. யாராக இருந்தால் என்ன, உடம்பு சரியில்லாத பெண் என்று மனம் இரங்கி, மிளகு ரசம் வைத்து, ஒரு தூக்கில் ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். ஆபீசில் கொண்டுபோய் இருட்டறை வாசலில் நின்றேன்.

"இன்னா சாமி அது?" என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். என் திருநீற்றுக்கு அவர் கொடுத்த மரியாதையோ கிண்டலோ, தெரியாது.

"ரசம், அண்ணே. ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு."

ஒரு நிமிடம் என்னையும் தூக்கையும் பார்த்தார். "உப்பு போட்டிருக்கா?"

"உப்பு போடாம ரசமா அண்ணே?"

"அப்ப அங்கியே நில்லு. உள்ள கால வைக்காத."

வாசலுக்கு வெளியே வந்து, தூக்கை வாங்கி, மொத்த ரசத்தையும் நின்றபடியே குடித்துவிட்டு, "அவ நல்லா ஆயிட்டான்னு வூட்ல சொல்லிடு" என்றார்.

சமையல் உப்புதான் அவருக்கு எமன். வெள்ளித் தண்ணீரில் ஒரு கல் உப்பு விழுந்தால் பால் மாதிரி வெளுத்துத் திரிந்துபோகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இருட்டறைக்குள் போகிறவன் முழங்கை வரை கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது என்று, அதற்கு மேல் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு தரம் அலம்ப வேண்டும். வேர்வையில் உப்பு இருக்கிறது என்பதால் நெற்றியில் துண்டு கட்ட வேண்டும். ஒரு நாள் டிராப்ட்ஸ்மேன் கோபால் ஒரு படத்தை வாங்க உள்ளே போகப் பார்த்தார்.

"ஊறுகா சாப்ட்ட கையா?"

"காலையில சாப்பிட்டது சார். கழுவிட்டேனே."

"எந்தக் கையி?"

"சோத்துக் கைதான்."

"அந்தக் கைய வெளியில வெச்சிட்டு வா."

கோபால் வலது கையைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, இடது கையை மட்டும் உள்ளே விட்டுப் படத்தை வாங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

தண்ணீரில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு கண்ணாடி மிதவை உண்டு. அதைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருப்பார். எங்கள் பிளாக்குக்குப் பால் ஊற்றுகிறவர் ஒரு நாள் அதைப் பார்த்து, "இன்னா சார் அது?" என்று கேட்டுவிட்டார். "தண்ணியில இன்னா கலந்திருக்குன்னு சொல்லும்" என்றார் இவர். மறுநாளிலிருந்து பால் கெட்டியாக வந்தது. மிதவையைப் பாலில் விட வேண்டிய அவசியமே வரவில்லை.

இதற்கெல்லாம் மேல் ஒரு நோட்டு. ஆஸ்பத்திரியில் கட்டில் காலில் தொங்குமே, அதுபோல இருட்டறைக் கதவில் ஆணியடித்துத் தொங்கும். மொட்டைப் பென்சிலால் தினமும் எழுதுவார். "இன்று சற்று மந்தம்." "வடிகட்டினேன். முகம் தெளிந்தது." "மழை. வெயில் இல்லை. அவளும் பேசவில்லை." பெரிய சார், அதாவது எங்கள் சர்வே ஆபீசர், வாரம் ஒரு தரம் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். சிரிக்காமல் போடுவார். அதுதான் ஆச்சரியம்.

எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது. எந்தச் சன்னிதியிலும் இவ்வளவு மடி ஆசாரம் நான் பார்த்ததில்லை. ஆனால் கோயில் பக்கம் மட்டும் வர மாட்டார். வடலூர் தைப்பூசத்துக்கு ஊரே கிளம்பும். கூப்பிட்டால், "உங்க சாமியப் பாக்க ஆயிரம் பேரு கீறாங்க சாமி. அவளுக்கு நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு ஜாடியைத் துடைக்கப் போய்விடுவார்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம்தான் எங்கள் பிரிவில் டெம்பரரி ஆட்களைப் பெர்மனென்ட் ஆக்கப் பட்டியல் தயாரானது. என் பெயருக்கு நேரே பெரிய சார் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். பெர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ் நிலைக்கும். இல்லையென்றால் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, சட்டி பானையோடு குறிஞ்சிப்பாடி பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் வேண்டாத தெய்வமில்லை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் கடலில் முழுகி, அக்னி தீர்த்தத்தை ஒரு டானிக் பாட்டிலில் பிடித்து, துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்டு வீட்டில் வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஆபீசில் முந்தின நாள் மத்தியானமே பூஜை. அளவுகோல், டேப்பு, டைப்ரைட்டர், சைக்கிள், துடைப்பம் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தேன். இருட்டறைக் கதவு திறந்திருந்தது. ஓர் அவசரப் படத்தைப் பற்றிச் சொல்லப் பெரிய சார் கூப்பிட்டு வெயில்காரர் அந்தப் பக்கம் போயிருந்தார். மழைக்காலத்தில் சுரங்கத்துத் தண்ணீரை எந்த வழியாக வெளியேற்றுவது என்ற படம் அது. இரண்டு நாள் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாகப் பிரதி எடுத்து, தண்ணீர் இறைக்கிற ஒவ்வொரு பம்ப்பு நிலையத்துக்கும் அனுப்ப வேண்டுமாம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். படம் பிடிக்காத நேரம் என்று ஜன்னல் பலகையைத் திறந்துவிட்டு, அதன் ஓரம் வெயிலில் அந்த ஜாடியை வைத்திருந்தார். எல்லாச் சாமானும் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீடு மாதிரி இருக்க, இது மட்டும் மூளியாக நின்றது. எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிற தண்ணீர், அதற்கு ஒரு பொட்டு இல்லையே என்று மனசு கேட்கவில்லை. முழங்கை வரை கையைக் கழுவினேன். அந்த ஆசாரத்தில் குறை வைக்கவில்லை. ஜாடிக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். வெளியே தெளித்தால் போதாது, உள்ளே இருப்பவளுக்கல்லவா உடம்பு சரியில்லை என்று மூடியைத் தூக்கி, ஓர் உத்தரணி அக்னி தீர்த்தத்தை எடுத்து, பிள்ளையாரே என்று உள்ளே விட்டேன்.

பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர் கண்ணெதிரே பாலாக மாறியது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அபிஷேகப் பால்! நம் பெர்மனென்டுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது என்று தரையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கும்போது வாசலில் இரண்டு கால் தெரிந்தது.

வெயில்காரர் ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"இன்னா ஊத்துன?"

"தீர்த்தம், அண்ணே."

"எந்தக் கோயிலு?"

"ராமேஸ்வரம். அக்னி தீர்த்தம்."

"அது எங்க கீது? கெணறா?"

"கெணறு இல்லீங்க... கோயிலுக்கு எதுத்தாப்ல..."

"கடலா?"

"கடல்னு சொல்லக் கூடாதுங்க அண்ணே. தீர்த்தம்."

"சாமி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. உப்பு கரிக்குமா, கரிக்காதா?"

தெய்வ சன்னிதானத்துத் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. "கரிக்குங்க" என்றேன்.

அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "மூணு வருசமா ஒரு உப்புக் கல்லு அண்டாம காப்பாத்தி வெச்சிருந்தேன். நீ சமுத்திரத்தையே கொண்டாந்து ஊத்திட்டியே சாமி."

தீர்த்தம் என்ற நினைப்பில், கடல் என்றால் உப்பு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. புதுசாகத் தண்ணீர் கரைக்கலாமே என்றேன். வெள்ளி உப்பு மெட்ராஸிலிருந்து வரப் பதினைந்து நாள் ஆகும், இருக்கிறது ஒரு பிடிதான் என்றார். படம் பிரதி எடுக்காவிட்டால் விசாரணை வரும். இருட்டறைக்குள் போனது யார் என்று கேட்பார்கள். பட்டியலில் என் பெயருக்கு நேரே பெரிய சார் என்ன எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"உப்ப வடிகட்டிடலாம்" என்றார் தனக்குத்தானே. பாட்டிலை வாங்கி முகர்ந்தார். "இந்தத் துளசி, பச்சக் கற்பூரம், இது தண்ணியோட தண்ணியா கலந்துபூட்டுது. இத வெயில்தான் எடுக்கணும். நல்லா நாலு மணி நேரம் அடிச்சாப் போதும்."

இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தோம். கிழக்கே, கடலூர்ப் பக்கமிருந்து, கரும் மேகம் ஒன்று சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை அன்று முழுக்க வெயில் இல்லை. ஜாடியை அவர் வீட்டுக்குத் தூக்கி வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டு, இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். என் மனைவி பொரியும் சுண்டலும் கொண்டுவந்தாள். தூரத்திலேயே நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே அந்த ஜாடி தெளிந்திருக்க வேண்டும்.

"பெர்மனென்டு ஆவணும்னு வேண்டிகினு வந்த தீர்த்தத்த ஊத்தியா வேலைய தொலைப்பாங்க?" என்றாள்.

விஜயதசமி அன்று காலையிலும் அதே மூட்டம். பண்ருட்டியிலிருந்து வந்த பஸ் டிரைவரிடம் வெயில்காரர் ஓடிப்போய்க் கேட்டார். "அந்தப் பக்கம் வெயிலு எப்படி?" டிரைவருக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "காடாம்புலியூர்ல கொஞ்சம் அடிச்சுதுங்க" என்றார். அவ்வளவுதான்.

என் சைக்கிள். நான் மிதித்தேன். பின்னால் கேரியரில் வெயில்காரர், மடியில் ஜாடி, ஜாடி மேல் கேமராவின் கறுப்புத் துணி. "மெதுவா, மெதுவா, குழில விடாத, அவளுக்குக் குலுங்கும்" என்று காதருகே ஒரே பாட்டு. நாங்கள் போகப் போக வெயில் எங்களுக்கு முன்னால் ஒரு மைல் தள்ளியே ஓடிக்கொண்டிருந்தது. வயலில் மஞ்சளாய்த் தெரியும், கிட்டே போவதற்குள் அணைந்துவிடும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்தாள்.

"இன்னாங்க, கொழந்தையா அது? தல வரைக்கும் போத்திகினு போறீங்களே, மூச்சு முட்டாது?"

"கொழந்த இல்லம்மா. வெயிலு தேடிகினு போறோம்."

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். வெயில் தேடுகிறவர்களை அவள் பார்த்ததில்லைபோல. ஆனாலும் நல்லவள். "அதோ மேக்கால முந்திரிக்காடு வெளுத்துகினு வருது பாருங்க, அங்க போங்க" என்று கையைக் காட்டினாள்.

பிள்ளையார்தான் அவள் உருவத்தில் வந்தார் என்று இன்றைக்கும் சொல்வேன். முந்திரிக்காட்டின் ஓரத்தில், வெட்டவெளியில், சுள்ளென்று வெயில். வெயில்காரர் ஜாடியை ஒரு மேட்டில் வைத்துத் துணியை உருவினார். பால் வெள்ளை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவல்பழ நிறத்துக்கு மாறியது. பிறகு காப்பி நிறம். பிறகு கறுப்புக் கறுப்பாய்த் துகள் திரண்டு கீழே இறங்க ஆரம்பித்தது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, "அப்படித்தான், விடு, எல்லாத்தையும் கீழ விட்டுடு" என்று பேசிக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பதிகமெல்லாம் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு போலீஸ் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். மதுவிலக்குக் காலம் அது. முந்திரிக்காடு, ஒரு ஜாடி, இரண்டு ஆண்கள், ஒருவர் மேலே சட்டையில்லாமல் ஜாடியோடு பேசிக்கொண்டிருக்கிறார். எந்த ஏட்டாக இருந்தாலும் இறங்கத்தான் செய்வார்.

"இன்னாய்யா நடக்குது இங்க?"

"தண்ணி சார்" என்றேன். அந்தச் சமயத்தில் சொல்லக் கூடாத வார்த்தை அதுதான்.

"எந்தத் தண்ணி?"

"வெள்ளித் தண்ணி சார்."

"பேரு புதுசா கீதே. நெத்தி நெறைய துன்னூறு, கையில வெள்ளித் தண்ணியா?" குனிந்து முகர்ந்தார். மாதக்கணக்கில் தகடுகளிலிருந்து கரைந்த சாராயம் அதில் இருந்தது. குப்பென்று அடித்தது. "வாசன சொல்லுதேய்யா!"

"அது மருந்து ஏட்டய்யா. தொடாதீங்க, கை கறுத்துப்பூடும்" என்றார் வெயில்காரர்.

"எனக்கேவா?" விரலை விட்டு எடுத்து, மூக்கில் வைத்துப் பார்த்து, யோசனையோடு வழக்கப்படி வலது பக்க மீசையை முறுக்கிக்கொண்டார். நல்ல வெள்ளை மீசை, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் கேட் பாஸைக் காட்டினேன். வெயில்காரர் கறுத்துப்போன பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதைப் பார்த்ததும் ஏதோ ஒட்டுவாரொட்டி நோய் என்று நினைத்தாரோ என்னவோ, ஏட்டு இரண்டடி பின்னால் போய், "சீக்கிரம் கெளம்புங்க" என்று சைக்கிள் ஏறினார். அதற்குள் மீசையின் வலது பக்கம் லேசாகக் காப்பி நிறம் தட்டிவிட்டது.

"சொல்லிடலாமா அண்ணே?"

"வேணாம். வூட்ல சொல்லுவாங்க."

பத்து நாள் கழித்து அந்த ஏட்டு ஆபீஸ் கேட்டில் வந்து நின்றார். வலது மீசை மைக்கறுப்பு, இடது மீசை வெள்ளை. தொலைந்தோம் என்று நினைத்தேன். வெயில்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "இந்தப் பக்கத்துக்கும் கொஞ்சம்..." என்றார்.

"அவளத் தர முடியாது ஏட்டய்யா. வடிகட்டுன தாளக் கழுவுன தண்ணி தர்றேன். அதுக்கும் கறுக்கும்" என்றார் வெயில்காரர்.

முந்திரிக்காட்டுக்கு வருவோம். சாயங்காலம் திரும்பி வந்து, பஞ்சும் தாளும் வைத்து வடிகட்டினோம். என்னையும் உள்ளே விட்டார், அதுவே பெரிய விஷயம். சொட்டுச் சொட்டாகப் பளிங்கு இறங்கியது. இருந்த ஒரு பிடி வெள்ளியைக் கரைத்து, மிதவை விட்டு, புளிப்புப் பார்த்து, மறுநாள் ஆபீஸ் திறந்ததும் சின்னத் தகடு ஒன்றில் சோதனை. தகட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒரு புள்ளி இல்லை. பெரிய தகடும் எடுத்தாயிற்று. மத்தியானத்துக்குள் பிரதிகள் பம்ப்பு பம்ப்பாகப் போய்விட்டன.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பெரிய சார் வழக்கம்போல நோட்டைப் படிக்க வந்தார். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். சத்தமாகவே படித்தார்.

"என் கவனக்குறைவால் உப்பு நீர் சேர்ந்துவிட்டது. வெயில் காட்டிச் சரி செய்தேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயில்காரரைப் பார்த்தார். "உம்ம கவனக்குறைவா? உப்பா?"

"ஆமா சார். கை தவறிப்பூடுச்சி."

அந்த மனிதர் ஜென்மத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. கோபால் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். நான் வாயைத் திறந்தேன். என் கால்மேல் வெயில்காரரின் செருப்பு நச்சென்று உட்கார்ந்தது. பெரிய சார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"எதுக்கு அண்ணே பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல சாமி. கதவத் தொறந்துபோட்டுட்டுப் போனது யாரு? நான்தான. போய் வேலையப் பாரு."

இரண்டு நாள் வேப்பமரத்தடிக்குப் போய்ப் போய் வந்தேன். பிள்ளையார் முன்னால் நின்றால் அவர் என் முகத்தையே பார்ப்பதுபோல இருந்தது. அடுத்தவர் நோட்டில் என் பாவம் எழுதியிருக்கும்போது நான் என்னத்தைக் கும்பிடுவது? மூன்றாம் நாள் காலை, மனைவியிடம்கூடச் சொல்லாமல், பெரிய சார் அறைக்குள் போனேன். மேசை மேல் அந்தப் பட்டியல் இருந்தது. என் பெயருக்கு நேரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

"சார், உப்பு நான் ஊத்துனது" என்றேன். தீர்த்தம், உத்தரணி, பால், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நிமிரவே இல்லை. "தெரியும்" என்றார்.

"எப்படி சார்?"

"ஜாடி மேல சந்தனம் குங்குமம் இருக்கு. அந்த ஆளு பொட்டு வெச்சு நீ பார்த்திருக்கியா? ஒன் கைய வேற பாரு."

பார்த்தேன். வடிகட்டின அன்று பட்டது, விரலெல்லாம் கரி. என் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"நாளுக்கு நாலு தரம் அந்த ஜாடியத் துடைக்கிறாரு. அந்தப் பொட்ட மட்டும் விட்டுட்டுத் துடைக்கிறாரு, நேத்துதான் கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து, என் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் தை மாதம் ஆர்டர் வந்தது. வெயில்காரர்தான் முதலில் படித்துவிட்டு, "உங்க கடல் தண்ணி வேல செஞ்சிடுச்சி சாமி" என்றார்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. நான் தட்டை எடுத்துக்கொண்டு எல்லா இடமும் போனேன், இருட்டறைப் பக்கம் மட்டும் போகவில்லை. போகிற தகுதி எனக்கு இல்லை என்று திரும்பினேன். அவரே கூப்பிட்டார்.

"சாமி, இங்க வா."

கையில் ஒரு சின்னப் பாட்டில், காய்ச்சி வடித்த தண்ணீர். மூடி மேல் மெழுகு வைத்து அடைத்திருந்தார்.

"இத எடுத்துகினு போயி உன் வேப்பமரத்தடி ஆளு முன்னால வெச்சி எடுத்துகினு வா. மூடியத் தொறக்காத. துளசி, கற்பூரம் ஒண்ணும் போடாத. அவரு பாத்தா தீர்த்தம் ஆயிடும்ல?"

"ஆயிடும் அண்ணே."

ஓடிப்போய் வைத்து, விழுந்து கும்பிட்டு, எடுத்து வந்தேன். முழங்கை வரை கழுவினேன், அதற்கு மேல் ஒரு தரம் அலம்பினேன். நெற்றியில் துண்டு கட்டினேன். தும்மலோ ஈயோ அண்டவிடாத அந்த ஜாடியின் மூடியை அவரே தூக்கிப் பிடித்தார்.

"ஒரே ஒரு சொட்டு. நான் கண்ண மூடிக்கிறேன்."

விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வெயில் பட்டு, தண்ணீர் அப்படியே பளபளத்தது. அவர் மட்டும் நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பயத்தாலா, வேறு எதனாலுமா, நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கதவில் தொங்கின நோட்டைப் பார்த்தேன். "தீர்த்தம், ஒரு சொட்டு. சாமி கையால். அவள் நலம்" என்று எழுதியிருந்தது. இன்றைக்கும் கோயிலில் உள்ளங்கையில் தீர்த்தம் விழுந்தால், வாயில் வைப்பதற்கு முன் ஒரு கணம் வெயிலில் தூக்கிப் பார்க்கிறேன், அவர் பார்ப்பதுபோல.